சென்னையில் தாழ்தளப் பேருந்து வந்த பிறகும் வயதானவர்கள் ஏறத் திணறுவது ஏன்? இன்னும் என்ன செய்யலாம்?

பஸ்ஸைத் தாழ்த்தியதில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி நிறுத்தத்தில் கிடக்கிறது.

கணக்குப் போட்டால் தெரியும். பழைய மாநகரப் பேருந்துகளில் தளம் தரையிலிருந்து 900 மி.மீ., சிலவற்றில் அதற்கும் மேல். அதனால்தான் உள்ளே இரண்டு மூன்று படிகள். 2024 ஆகஸ்டிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளில் தளம் 400 மி.மீ.தான், ஏறும் வாசலில் படியே கிடையாது. நின்றதும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் இடப்பக்க ஏர் சஸ்பென்ஷனில் உள்ள காற்று கொஞ்சம் வெளியேறி, வண்டி சுமார் 60 மி.மீ. அந்தப் பக்கமாகச் சாயும். மிச்சம் 340. நடைபாதை 150 மி.மீ. உயரத்தில் இருந்து, பஸ்ஸும் அதை ஒட்டி நின்றால், கால் தூக்க வேண்டிய உயரம் 190 மி.மீ. வீட்டு மாடிப்படி அளவு. முட்டி தேய்ந்தவரும் கம்பியைப் பிடித்து ஏறிவிடுவார்.

அதே பஸ் ஒரு மீட்டர் தள்ளி நடுரோட்டில் நின்றால் அவர் நடைபாதையை விட்டு இறங்கி, அங்கிருந்து 340 மி.மீ. ஏற வேண்டும். ஏறக்குறைய இரண்டு படியை ஒரே எட்டில் தாண்டுவது மாதிரி. சக்கர நாற்காலிக்கான சாய்தளப் பலகைக்கும் இதே கதைதான். ஒரு மீட்டர் நீளப் பலகையை நடைபாதையில் விரித்தால் சரிவு ஐந்துக்கு ஒன்று. ஒருவர் பின்னாலிருந்து தள்ளினால் ஏறலாம். ரோட்டில் விரித்தால் மூன்றுக்கு ஒன்று. தள்ளுபவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து.

பஸ் ஏன் ஒட்டி நிற்பதில்லை? ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன் நிறுத்தத்தைப் பாருங்கள். முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் பைக் வரிசை. 12 மீட்டர் வண்டி வளைந்து உள்ளே வந்து, நடைபாதைக்கு நேராக நின்று, மறுபடி வெளியேற 30 மீட்டருக்கு மேல் காலி இடம் வேண்டும். பஸ்ஸுக்கென்று நடைபாதையைக் குடைந்து ‘பே’ அமைப்பது பார்க்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அது ஆட்டோ ஸ்டாண்டு ஆகிவிடும். என்னைக் கேட்டால் தலைகீழாகச் செய்ய வேண்டும்: நிறுத்தம் உள்ள இடத்தில் மட்டும் நடைபாதையை ரோட்டுப் பக்கம் நீட்டிவிட்டால், பஸ் வளையாமல் நேராக வந்து ஒட்டி நிற்கும். அங்கே வேறு வண்டியை நிறுத்தவும் இடமிருக்காது.

இன்னொரு வில்லன் தார். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே 40 மி.மீ. புது அடுக்குப் போட்டால் 150 மி.மீ. நடைபாதை 110 ஆகிவிடுகிறது. மூன்று முறை போட்டால் நடைபாதை கிட்டத்தட்ட தரையோடு தரை. பஸ்ஸுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துப் பெற்ற உயரத்தை இப்படித் தெரியாமலே இழக்கிறோம்.

இனி பஸ்ஸுக்குள். வயதானவர்கள் அடிபடுவது பெரும்பாலும் மோதலில் அல்ல; உட்காருவதற்குள் வண்டி கிளம்பும்போது, அல்லது இறங்குவதற்காக முன்கூட்டியே எழுந்து நின்றிருக்கும்போது பிரேக் போட்டால். செலவில்லாத வைத்தியம் நடத்துநரின் விசிலில் இருக்கிறது. ஏறியவர் உட்கார்ந்த பிறகு, இல்லையென்றால் ஒரு கம்பியைப் பிடித்த பிறகு, ‘ரைட்’ கொடுத்தால் போதும். சில வினாடிகள்தான் கூடும். நடத்துநர் சீட்டில் இருந்தபடி “டிக்கெட் வாங்காதவங்க வந்து வாங்குங்க” என்று கூப்பிடுவதும் ஒழிய வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் எழுபது வயதுக்காரரை எழுப்பி நடக்கவிடுவது அது. மின்சாரப் பேருந்துகளில் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும் என்பதால், முடுக்கத்துக்கு மென்பொருளில் வரம்பு வைத்தாக வேண்டும்.

கைப்பிடி விஷயம் சின்னது, ஆனால் பலர் கோட்டை விடுவது. மேலே தொங்கும் பிடிவார் வயதானவர்களுக்கு உதவாது. தோள் அவ்வளவு தூரம் எழாது, எழுந்தாலும் வார் அவரோடு சேர்ந்தே ஆடும். தேவை தரையிலிருந்து கூரை வரை செங்குத்துக் கம்பி, ஒன்றுவிட்டு ஒரு சீட்டுக்காவது ஒன்று. உள்ளங்கையில் அடங்குகிற 30–35 மி.மீ. விட்டம், பளபளக்கும் எவர்சில்வராக இல்லாமல் மஞ்சள் பூச்சு. கண்புரை உள்ளவருக்கு எவர்சில்வர் கம்பி வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

முதியோர் சீட்டு எங்கே என்பதும் முக்கியம். தாழ்தளப் பேருந்திலும் பின்பாதியில் அச்சுக்கும் இன்ஜினுக்கும் மேலே தளம் உயர்ந்து உள்ளேயே படி வரும். சக்கர மேட்டின் மேலுள்ள சீட்டுக்கும் ஏறித்தான் உட்கார வேண்டும். ஆகவே முன்கதவுக்கும் நடுக்கதவுக்கும் இடையில், சமதளத்தில் உள்ள சீட்டுகளைத்தான் ஒதுக்க வேண்டும். நீங்கள் அழைத்துப் போகும்போதும் அங்கேயே உட்கார வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பையை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

முகப்புப் பலகையில் ஊர்ப்பெயர் ஓடட்டும், தடம் எண் மட்டும் அசையாமல் பெரிதாக நிற்க வேண்டும். ‘சென்னை பஸ்’ செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். அதைப் பார்க்கத் தெரிந்த பேரன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டணம் பற்றி: சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு 2016 முதல் மாதம் 10 இலவச டோக்கன், குளிர்சாதனம் இல்லாத பஸ்களுக்கு. ஆறு மாதத்துக்கானதைச் சேர்த்தே தருகிறார்கள். இருப்பிடச் சான்று, வயதுச் சான்று, போட்டோ கொண்டு போக வேண்டும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதலே கட்டணம் இல்லை என்பதால், பாட்டிமார் டோக்கனை அங்கே கிழிக்காமல் சொகுசுப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். தாத்தாக்களுக்குத்தான் இடிக்கிறது. ஒரு ஏற்றத்துக்கு ஒரு டோக்கன். வழியில் ஒரு முறை பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் நான்கு போய்விடும்; பத்து டோக்கன் மாதத்துக்கு இரண்டு முறைக்குத்தான் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறினால் அதே டோக்கன் செல்லும் என்று ஆக்கிவிட்டால் அதே பத்தில் ஐந்து முறை போய்வரலாம்.