அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டிக்கு (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஓர் உள்ளாட்சிப் பகுதி) புதிதாகக் குடிவந்திருக்கிறோம். ரோட்டுக் குழி, பள்ளி, வீட்டு வரி என்று எதற்கு யாரிடம் போவது?

முதலில் உங்கள் வீடு கவுண்டிக்குள்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சல் முகவரியை நம்ப வேண்டாம். முகவரியில் அலெக்ஸாண்ட்ரியா, ஃபால்ஸ் சர்ச் என்று இருக்கும் ஏராளமான வீடுகள் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியைச் சேர்ந்தவை. அந்த நகரங்களோ வர்ஜீனியா சட்டப்படி எந்தக் கவுண்டியிலும் சேராதவை. கவுண்டி இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் சூப்பர்வைசர், அதாவது கவுண்டியை ஆளும் போர்டில் உங்கள் பகுதியின் உறுப்பினர், யார் என்று தெரிந்துவிடும்.

9 டிஸ்ட்ரிக்டுகளுக்கு (தொகுதிகளுக்கு) தலா ஒரு சூப்பர்வைசர், கவுண்டி முழுவதும் ஓட்டுப் போடும் சேர்மன், ஆக 10 பேர். அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர் இவர்கள் நியமிக்கும் கவுண்டி எக்ஸிக்யூட்டிவ். ஷெரிஃபும் தேர்தலில் ஜெயித்து வருபவர்தான், ஆனால் அவருடைய வேலை சிறையும் நீதிமன்றப் பாதுகாப்பும். வீட்டில் திருடு போனால் கவுண்டி போலீஸிடம் போக வேண்டும்.

ரோட்டுக் குழிக்கு சூப்பர்வைசரைத் திட்டிப் பயனில்லை. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஆர்லிங்டன், ஹென்ரைகோ தவிர மற்றக் கவுண்டிகளின் ரோடுகள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. அங்கேயே நேராகப் புகார் பதியுங்கள். பல வாரம் அசையாவிட்டால் புகார் எண்ணோடு சூப்பர்வைசர் அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கிருந்து ஒரு கேள்வி போனால் கொஞ்சம் நகரும்.

வரிதான் அவர்கள் கையில் உண்மையாகவே இருக்கும் அதிகாரம். 2026 நிதியாண்டுக்கு 100 டாலர் மதிப்புக்கு 1.1225 டாலர் என்று நிர்ணயித்தார்கள். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு 8,980 டாலர், மற்ற சிறு வரிகள் தனி. பலரும் கோட்டை விடுவது காலத்தில்தான். மார்ச் மாதத்தில் போர்டு ஓர் உச்ச விகிதத்தை விளம்பரம் செய்யும். அதன் பிறகு குறைக்கலாமே தவிர அதற்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே வரி கூடக் கூடாது என்பவர்கள் அந்த விளம்பரத்துக்கு முன்பே எழுத வேண்டும். ஏப்ரலில் நடக்கும் பொது விசாரணையில் பேசுவது அந்த உச்சத்துக்குக் கீழே எவ்வளவு குறைப்பது என்பதைப் பற்றித்தான். மே மாதம் பட்ஜெட் நிறைவேறிவிடும். உங்கள் வீட்டின் மதிப்பீடே தவறென்றால் அது வேறு வழி: வரித் துறையில் முறையிடலாம், அல்லது ஜூன் 1-க்குள் மதிப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்துக்கு மனுப் போடலாம். 'பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைவு' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் விற்ற விலையைக் காட்டுங்கள்.

பள்ளி எல்லை, பாடத்திட்டம் எல்லாம் 12 பேர் கொண்ட ஸ்கூல் போர்டின் விஷயம். ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. கவுண்டியின் பொது நிதியில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்குப் போகிறது, அதை ஒதுக்குபவர்கள் சூப்பர்வைசர்கள். வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்று ஒரு போர்டிடம் மட்டும் முறையிட்டால், பணம் இல்லை என்று இன்னொரு போர்டைக் கைகாட்டுவார்கள். இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்.

அடுத்த சூப்பர்வைசர் தேர்தல் 2027 நவம்பரில். வாக்குச்சீட்டில் இந்தப் பதவிகளுக்குக் கட்சிப் பெயர் இருக்காது. ஜனநாயகக் கட்சி ஓங்கியிருக்கும் இந்தக் கவுண்டியில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் முடிவு, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாதப் பிரைமரியிலேயே ஆகிவிடும். வர்ஜீனியாவில் கட்சிப் பதிவு இல்லாததால் வாக்காளர் எவரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் பொது விசாரணையில் பேசத் தடையில்லை. பேச்சாளர் பட்டியலில் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.