விண்ணகம் தாய்நாடு, நிலம் யாருக்கு?

கேள்வி: ஜூலை 5 அன்று ஸ்டேன் சுவாமி அடிகளாருக்கு நினைவுத் திருப்பலி வைக்க வேண்டும் என்று எங்கள் பங்குப் பேரவையில் சிலர் கேட்டனர். நான் எதிர்த்தேன். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஒரு குருவானவர் ஜார்க்கண்டுக்குப் போய், நற்செய்தியை விட்டுவிட்டு நிலப் பிரச்சினையில் இறங்கியது அரசியல்தானே? நமக்கு விண்ணகமே தாய்நாடு என்று பவுலடியார் எழுதவில்லையா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: எழுதினார். பிலிப்பியருக்கு அதை எழுதியபோது பவுல் விலங்கிடப்பட்ட கைதி. அந்தத் திருமுகத்தை முதல் அதிகாரத்திலிருந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்த வசனத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பவர்கள். ஊரைக் காலி செய் என்று நோட்டீஸ் வாங்கியவர் யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை.

'நிலப் பிரச்சினையில் இறங்கினார்' என்கிறீர்கள். இன்றைய ஜார்க்கண்டின் பெரும்பகுதி அடங்கிய சோட்டா நாக்பூருக்குள் கத்தோலிக்கத் திருச்சபை நுழைந்த வாசலே அதுதான் ஐயா. 1885இல் தோர்ப்பாவுக்கு வந்த பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஜமீன்தார்கள் வாங்கிய கூலியில்லா வெட்டி வேலையையும் அநியாயக் குத்தகைத் தொகையையும் எதிர்த்து முண்டா பழங்குடி மக்கள் வழக்காடத் துணை நின்றார். அதைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குக் கேட்டு வந்தனர். அடுத்து வந்த ஹாஃப்மன் அடிகளாருக்கு 1908ஆம் ஆண்டு சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டத்தின் உருவாக்கத்திலேயே பங்கு உண்டு. ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போகாமல் இன்றும் தடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சட்டம். 2016இல் ஜார்க்கண்ட் அரசு அதைத் தளர்த்தப் பார்த்தது, மக்கள் கொதித்தெழுந்தனர், திருத்த மசோதாவை 2017இல் திருப்பி அனுப்பிய ஆளுநர் திரௌபதி முர்மு. அவரும் அரசியல் செய்தாரா?

நம்மவர்கள் எல்லாரும் மக்கள் பக்கமே நின்றார்கள் என்று நான் கதை சொல்லப்போவதில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டா, சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்தவர். நிலத்துக்காகப் போராடிய முண்டா தலைவர்களை மிஷனரிகள் இழித்துப் பேசியபோது அவர் வெளியேறினார். 'சாகிப், சாகிப், ஏக் டோப்பி' என்ற பேச்சு அவர் பெயரோடு இன்றும் அங்கே வழங்குகிறது. துரையும் பாதிரியாரும் ஒரே தொப்பிதான் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒதுங்கி நிற்பதுதான் பக்தி என்று நினைத்தால் நமக்கும் கிடைக்கப்போவது அந்தத் தொப்பிதான்.

ஸ்டேன் அடிகளார் என்ன கேட்டார்? பழங்குடிப் பகுதிகளைப் பாதுகாக்கும், அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை ஏன் ஏட்டோடு நிற்கிறது? கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் எங்கே? பழங்குடிப் பகுதி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகைக்கு விடக் கூடாது என்ற 1997ஆம் ஆண்டு சமதா தீர்ப்பு என்ன ஆனது? மாவோயிஸ்ட் என்ற பெயரில் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றப் படியும் ஏறினார். அவர்களின் ஞாயிறு திருப்பலி வருகையை அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஜார்க்கண்டில் கிறிஸ்தவர்கள் 4 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அரசன் ஆகாபு கேட்ட விவிலியக் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆகாபு முதலில் என்ன சொன்னான் என்பதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் பணம் தருகிறேன் என்றான். அரசு ஏடுகளில் இதற்கு மறுகுடியமர்வு, இழப்பீடு என்று பெயர். மூதாதையர் நிலத்தைத் தர மாட்டேன் என்றார் நாபோத்து. உடனே அரசி ஈசபேல் அரச முத்திரையிட்டுக் கடிதங்கள் அனுப்பினாள், கடவுளையும் அரசரையும் பழித்தார் என்று இரண்டு பொய்ச்சாட்சிகள் வந்தார்கள், கல் பறந்தது.

83 வயதில், 2020 அக்டோபர் 8 அன்று, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான உபாவின் கீழ் ஸ்டேன் அடிகளார் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஓர் உறிஞ்சு குவளை கேட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று, பிணை மனு விசாரணைக்கு வந்த நாளிலேயே மும்பை மருத்துவமனையில் இறந்தார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. அவருக்கு எதிரான ஆதாரமாகக் காட்டப்பட்ட, அவருடைய கணினியில் இருந்த ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது.

எனவே திருப்பலி வையுங்கள். மன்றாட்டில் 'உலக அமைதிக்காக' என்று பொத்தாம்பொதுவாக முடித்துவிடாமல், விசாரணை முடியாமல் சிறைகளில் கிடக்கும் ஆதிவாசிகளைச் சொல்லி மன்றாடுங்கள். முதல் வாசகம் அரசர்கள் முதல் நூல், 21ஆம் அதிகாரம். அதை நீங்களே வாசித்தால் நல்லது.