வரைந்து முடித்த பிறகும் ஓவியத்தின் பொருள் மாறுமா?

மாறும், ஓவியர் இறந்து நூற்றாண்டுகள் கழித்துகூட மாறும். எனக்கு மிகப் பிடித்த உதாரணம், டச்சு ஓவியர் வெர்மீர் 1650களின் இறுதியில் வரைந்த, ஜன்னலோரம் நின்று கடிதம் படிக்கும் பெண். ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது, அந்த வெறுமையில்தான் பலரும் தனிமையையும் அமைதியையும் பார்த்தார்கள். 1979இல் எக்ஸ்ரே எடுத்தபோது சுவருக்கடியில் காதல் தேவன் க்யூபிட் இருப்பது தெரிந்தது. சரி, வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்று நினைத்தார்கள். அப்புறம் நடந்த ஆய்வில், அவர் இறந்து வெகுகாலம் கழித்து வேறு யாரோ பூசியது என்று தெரியவர, அந்தப் பூச்சைக் கத்திமுனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, 2021இல் க்யூபிட்டோடு காட்சிக்கு வைத்தார்கள். அது காதல் கடிதம்தான் என்பதற்கு இப்போது படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

அதற்காக, வெறும் சுவரைப் பார்த்து உருகியவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கண்முன் இருந்த படம் அதுதானே, அதில் அவர்கள் உணர்ந்த அமைதியும் உண்மைதான்.

சில சமயம் பொருள் மாற யாரும் தூரிகையைத் தொடவே வேண்டாம். இன்னொரு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியம் இரவுக் காட்சியே இல்லை. வார்னிஷும் அழுக்கும் சேர்ந்து கறுத்ததால், பார்த்தவர்கள் பின்னாளில் வைத்த பெயர் அது.