மேற்குக் கண்ணாடிச் சுவரும் மூடிய திரைகளும்

வணக்கம். சென்னையில் மூன்றாம் மாடி வாடகை அலுவலகத்தின் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி என்பதால் திரைகளை நாள் முழுவதும் மூடி வைத்திருப்பதாகவும், வைத்த செடிகள் பட்டுப்போனதாகவும் எழுதி, செடிச்சுவர் அமைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குச் செலவிடும் முன் வெயிலைக் கவனியுங்கள்.

பிற்பகல் வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் சன்ஷேடு அதை அதிகம் தடுக்காது. உட்புறத் திரையோ கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத்தான் எதிர்கொள்கிறது. ஆகவே தடுப்பு வெளியே இருக்க வேண்டும். உரிமையாளர் அனுமதித்தால், சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் தட்டிகளைக் கண்ணாடிக்கு வெளியே சற்று இடைவெளி விட்டுப் பொருத்தி, நண்பகலுக்குப் பின் மட்டும் இறக்குங்கள். இறக்கிய பிறகும் இடுக்குகள் வழியே வானம் தெரியும். அந்த உயரத்தில் காற்று பலமாக அடிக்கும் என்பதால் கீழ்முனையையும் கட்டாயம் கட்ட வேண்டும்.

சுற்றுச்சூழல் உளவியல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கற்சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். அத்தகைய காட்சியைக் கண்ணாடியை ஒட்டிய மேலாளர் அறைகள் மட்டுமே அனுபவிப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. அவற்றை உள்ளே நகர்த்தி, ஊழியர்களின் மேசைகளைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் போட்டால் கணினித் திரையிலும் கண் கூசாது.

செடிகளைப் பொறுத்தவரை, வெளிச்சம் குறைந்த இடத்தில் அவை நீரை மெதுவாகவே உறிஞ்சும். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடுங்கள்.