வானிலை, காலநிலை பாடத்தில் எந்தச் சொற்கள் மாணவர்களை அதிகம் குழப்புகின்றன?

வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாட்டை எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். இன்றைக்கு இருப்பது வானிலை, பல ஆண்டுச் சராசரி காலநிலை. அந்தப் 'பல ஆண்டு' என்பதை உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளாகக் கணக்கிடுகிறது. அதையும் சேர்த்து எழுதினால் போதும்.

என்னைக் கவிழ்த்தது ஈரப்பதம். "ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதம் என்றால் மழை பெய்கிறது என்று பொருள்" என்று பள்ளித் தேர்வில் தைரியமாக எழுதி முட்டை வாங்கியவன் நான். அது காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று சொல்லும் எண்ணே இல்லை. அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான் அது.

30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவிதான் உச்சம். 20 டிகிரியில் சுமார் 17 கிராம். 30 டிகிரிக் காற்றில் 17 கிராம் இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 57 சதவீதம் போல வரும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், புதிதாக நீராவி எதுவும் சேராமலே கிட்டத்தட்ட 100 ஆகிவிடும். அந்த 20 டிகிரிதான் அதன் பனிப்புள்ளி. அதற்கும் கீழே குளிர்ந்தால் மிஞ்சும் நீராவி தண்ணீராகிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு டம்ளரில் பாதி அளவு ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தண்ணீர் நிற்கும் உயரம் வரைதான் வெளிப்புறம் நன்றாக வியர்க்கும். விளிம்புப் பக்கம் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். பனிப்புள்ளிக்குக் கீழே குளிர்ந்த பகுதி எதுவென்று டம்ளரே கோடு போட்டுக் காட்டிவிடும்.

இது பிடிபட்டால் அரைப் பாடம் முடிந்தது. காற்று புல்லைத் தொட்டு அப்படிக் குளிர்ந்தால் பனித்துளி, தரையோரமாகக் காற்றுக்குள்ளேயே நடந்தால் மூடுபனி, உயரத்தில் நடந்தால் மேகம். பரப்பு 0 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் உறைபனி. நாம் எல்லாவற்றையும் 'பனி' என்று ஒரே சொல்லில் அடக்கி, 'பனி பெய்கிறது' என்றும் சொல்லிவிடுகிறோம். பனித்துளி மேலிருந்து விழுவதில்லை, இருந்த இடத்திலேயே உருவாகிறது. மேகத்திலிருந்து விழுவது வெண்பனி. இந்த இடத்தில் தமிழ் கொஞ்சம் காலை வாரும்.

ஆனால் காற்றுத் திசையில் தமிழ் கைகொடுக்கும். காற்றுக்குப் பெயர் அது போகும் திசையால் அல்ல, வரும் திசையால். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வரைபடத்தில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைப்பவை சமஅழுத்தக் கோடுகள். அவை நெருங்கியிருந்தால் காற்று வேகம், விலகியிருந்தால் மெதுவு. இதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

அப்புறம் மழை. 10 மில்லிமீட்டர் மழை என்றால், ஓடி வடியாமலும் ஆவியாகாமலும் நின்றால் தரையில் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 லிட்டர்.