மெக்சிகோவில் தங்கி, குழந்தைகளுக்குத் தொண்டு செய்தபடியே ஸ்பானிஷ் கற்க முடியுமா?

முடியும். என் தேர்வு வஹாக்கா நகரம். காலையில் மொழி வகுப்பு, மதியத்துக்கு மேல் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘என்ன?’ என்பதற்கு ‘கே?’ என்று படித்திருப்பீர்கள். அங்கே பிள்ளையைக் கூப்பிட்டால் ‘மாந்தே?’ என்றுதான் திரும்பும். நம் ‘சொல்லுங்க’ மாதிரி மரியாதை. ‘அவோரீத்தா’ என்றால் இப்போதே என்று நம்பிவிடாதீர்கள். ‘இதோ வர்றேன்’ கதைதான், அரைமணி நேரமும் ஆகலாம்.

சில பிள்ளைகள் வீட்டில் பேசுவது சாப்போதெக் அல்லது மிஸ்தெக் என்ற பூர்வகுடி மொழி. அவர்களுக்கும் ஸ்பானிஷ் இரண்டாவது மொழிதான். நீங்கள் தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், கையோடு திருத்தியும் விடுவார்கள்.

இரண்டே வாரம் என்றால் குழந்தைகள் பக்கம் போக வேண்டாம். ஒட்டிக்கொண்டபின் கிளம்பினால் ஏங்கிப்போவார்கள்.

அப்புறம், செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால், சம்பளமில்லாமல் சுற்றுலாவாகப் போகும் இந்தியர்களுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை.