விரிவுரை மேசையும் நாவலும்: ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

மலாயாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், கதையும் எழுதுகிறேன். அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய, ஆங்கிலத்தில் எழுதிய மலேசிய எழுத்தாளர் கே.எஸ். மணியம் மூன்று நாவல்கள்தானே எழுதினார்? விரிவுரையாளர் ஆனால் எழுத்து வற்றிவிடுமா? என் ரப்பர் தோட்டக்கதை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

வாசகர், பந்தாய் டாலாம்

அன்புள்ள நண்பருக்கு,

வற்றாது, ஆனால் வடிவம் மாறும். மணியம் ஆங்கிலத்துறையில் சேர்ந்தது 1980. முதல் நாவல் 'தி ரிட்டர்ன்' 1981இல் வந்துவிட்டது, ஆகவே அதன் உழைப்பு பெரும்பாலும் அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும். அடுத்த நாவலுக்கு 12 ஆண்டு. 1997இல் ஓய்வு, 2000இல் ராஜா ராவ் விருது, மூன்றாம் நாவல் 2003இல். நடுவே சிறுகதையும் நாடகமும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

காரணம் சாதாரணமானது. ஒரு செமஸ்டருக்கு 14 வாரம் வகுப்பு, பிறகு விடைத்தாள். 3,000 சொல் கதையை ஒரு வாரம் விட்டாலும் மனம் பிடித்துவைத்திருக்கும். நாவலை இரண்டு வாரம் விட்டால் நாற்பது பக்கம் திரும்பப் படித்தால்தான் குரல் பிடிபடும். எனவே செமஸ்டரில் சிறுகதை, நீண்ட விடுமுறையில் நாவல். அன்றைக்கு நிறுத்தும்போது காட்சியை முடிக்காதீர்கள். அடுத்து யார் என்ன செய்யப்போகிறார் என்று இரண்டு வரி குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது பெரும்பாலும் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்களில் வரும் கட்டுரைதான், கதை அல்ல. இதில் புலம்பிப் பயனில்லை. ஆய்வுத் தலைப்பும் நாவலின் களமும் ஒன்றாக இருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆய்வாளர் கதைசொல்லியின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் கேட்பார்.

நேரத்தைவிடப் பெரிய ஆபத்து கட்டுரைக் குரல். கட்டுரை முடிவை முதலில் சொல்லிவிட்டுச் சான்று தேடும். கதையில் அதைச் செய்தால் ஆள் செத்துப்போவான். 'தி ரிட்டர்ன்' நாவலில் காலனியக் கல்வி பற்றிய தீர்ப்பு எங்கே இருக்கிறது? மிஸ் நான்சியின் வகுப்பில். சிறுவன் ரவி ஆங்கிலக் கதைகளுக்குள் நுழைகிறான், பாட்டி பெரியதாயியின் உலகம் மெல்ல விலகுகிறது. கணக்கை நாம்தான் போட்டுக்கொள்கிறோம்.

உங்கள் கதைக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் பால்மரம் வெட்டும் கிழவி, "நாம் வேரற்ற சமூகம்" என்கிறாள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் வந்தவள் மரவரிசையில் நின்று அப்படிப் பேசமாட்டாள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். மங்கில், அந்தப் பால் பிடிக்கும் கிண்ணத்தில், நேற்றைய ஒட்டுப்பால் காய்ந்து கிடக்கிறது, அதைப் பிய்த்தெடுக்கட்டும்.